நடந்தவர் பாதை

இங்கிலாந்தின் வயல்களை ஊடறுத்துச் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் ஏப்ரலில் நடக்கையில் ஒரு கேள்வி எழும்: சொந்தமில்லாத மண்ணை அகதி ரசிக்கலாமா? தென்னாபிரிக்காவிலிருந்து அப்போதுதான் வந்திறங்கும் தகைவிலான் குருவி, எவருடைய மாட்டுக்கொட்டில் என்று பார்த்துக் கூடு கட்டுவதில்லை.

மனிதர்க்குச் சட்டம் வேண்டியிருக்கிறது. பொதுமக்கள் 20 ஆண்டுகள் அனுமதி கேளாமலும் தடையின்றியும் நடந்த தடத்தைப் பொதுப்பாதையாகக் கொள்ளலாம் என்கிறது 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம். அதாவது, உரிமையைக் கால்களே உண்டாக்குகின்றன. 1932இல் கிண்டர் ஸ்கவுட் மலைமேட்டில் தடையை மீறி நடந்தவர்களில் ஐவர் சிறை சென்றனர். ஆகவே இந்த இன்பம் எவரும் இட்ட பிச்சையல்ல. ஆறு நாள் கோப்பை கழுவுபவனுக்கும் இதில் பங்குண்டு.

வலிகாமம் வடக்கில் 1990இல் மக்கள் வெளியேற்றப்பட்ட காணிகளில் ஒரு பகுதி இன்னும் இராணுவத்தின் கையில். அதற்காக இங்கே கண்ணை மூடிக்கொள்வது விசுவாசமாகாது. தடையின்றி நடப்பதன் ருசி தெரிந்தால்தான் அடைத்த பாதையைத் திறக்கச் சொல்லிக் கேட்கவும் தெரியும்.