அழகுக்கு விலை கொடுப்பது யார்?

காரைத் தாழ்த்தி ஓட்டும் ஆசை நம் இளைஞர்கள் பலருக்கு உண்டு. “பார்க்க அழகா இருக்கு, இதுல என்ன தப்பு?” என்று கேட்பார்கள். அழகை விரும்புவது தப்பில்லை என்பதே என் கருத்தும். ஆனால் அந்த அழகுக்கு விலை கொடுப்பது யார் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

அமெரிக்காவின் பழைய செவ்ரோலெட் சி10 பிக்கப் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் முன்பக்கத்தைத் தாழ்த்த எளிய வழி, ஸ்பிரிங்கை வெட்டுவது. காசு மிச்சம். ஆனால் சக்கரம் ஏறி இறங்கும் இடம் குறைந்துவிடும். குழியில் இறங்கினால் அடியில் ‘டமார்’னு மோதும், அந்த நேரத்தில் டயரின் பிடியும் தளரும்.

இன்னொரு வழி ‘டிராப் ஸ்பிண்டில்’. ஸ்பிண்டில் என்பது முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்பு. சக்கரம் மாட்டும் அச்சு முனையை அதில் 2 அங்குலம் மேலே தள்ளி அமைத்தால், வண்டி 2 அங்குலம் இறங்கும். ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். சக்கரம் ஏறி இறங்கும் இடமும் குறையாது.

இதோடு வேலை முடிஞ்சுதா? இல்லை. அச்சு முனை மேலே போனால் பிரேக் காலிப்பரும் கூடவே போக வேண்டும். கீழ் பால் ஜாயிண்ட் ரிம்மை நெருங்கும். சின்ன ரிம் என்றால் உரசும். ஸ்டீயரிங் கம்பி சேரும் இடம் கொஞ்சம் பிசகினாலும், மேடு பள்ளத்தில் சக்கரம் தானாகவே திரும்பும். அச்சு முனையின் அடிப்பகுதியை வளைவாக விடாமல் கூர்மையாக விட்டால், ஆயிரக்கணக்கான அதிர்வுகளுக்குப் பிறகு விரிசல் அங்கேதான் தொடங்கும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இதில் எதுவுமே தெரியாது.

இன்னொரு கணக்கும் உண்டு. டயரில் காற்று முழுக்க இறங்கி, வண்டி ரிம்மில் நின்றாலும், வேறு எந்தப் பாகமும் ரோட்டைத் தொடக்கூடாது. கலிஃபோர்னியாவில் 1950களின் இறுதியில் இதையே சட்டமாக்கினார்கள்: வண்டியை மாற்றியமைத்தால் ரிம்மின் அடிக்கோட்டுக்குக் கீழே எதுவும் தொங்கக்கூடாது. அந்தச் சட்டம் லோரைடர் பிரியர்களைக் குறிவைத்தது என்ற மனக்குறை நெடுங்காலம் இருந்தது. 2024-இல் அது நீக்கப்பட்டது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. ஆனால் போலீஸ் கேட்கவில்லை என்பதற்காக, டயர் வெடிக்கும்போது வண்டி ரோட்டில் உரசாமல் இருக்குமா?

நம் மைவி, சாகா கார்களின் முன்பக்க அமைப்பு வேறு. இந்த ஸ்பிண்டில் அவற்றுக்குப் பொருந்தாது. கேள்வி மட்டும் பொருந்தும். ஸ்பிரிங்கை வெட்டுகிறவனுக்கு அழகு உடனே கிடைக்கிறது. விலையைப் பின் சீட்டில் இருக்கும் தங்கையோ, பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வரும் யாரோ ஒருவரோ கொடுக்க நேரலாம். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஒழுங்காக ஸ்பிண்டில் செய்கிறவன், அந்த விலையைத் தன் உழைப்பாலும் காசாலும் தானே கட்டிவிடுகிறான். இரண்டு வண்டியும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். ஆனால் இரண்டும் ஒரே செயல் அல்ல.

ஆசைப்படுங்கள், தம்பி தங்கைகளே. ஆனால் காரில் கை வைக்கும் முன் ஒரு முறை கேளுங்கள்: “இதுக்கு யாரு விலை கொடுக்கப் போறாங்க?” பதில் “நான்தான்” என்றால், தாராளமாகச் செய்யுங்கள்.