அமானிதமும் கண்ணுக்குத் தெரியாத காசும்



கண்மணி நாயகம் (ஸல்) அவர்களைக் கொல்லச் சதி செய்த மக்கத்துக் குறைஷிகள், தங்கள் விலை உயர்ந்த பொருள்களை அவர்களிடமே ஒப்படைத்து வைத்திருந்தார்கள். மார்க்கத்தை மறுத்தவர்களால்கூட அவர்களுடைய நாணயத்தை மறுக்க முடியவில்லை. ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், ஹஜ்ரத் அலி (ரலி) அவர்களை மக்காவிலேயே நிறுத்தி, அமானிதங்களை உரியவர்களிடம் சேர்த்துவிட்டு வரும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். பகைவர் பொருளாயிற்றே என்று ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை.

இதை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்கள் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டன. இது கூடுமா, கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. இதைப் பணமாகப் புழங்குவது ஹராம் என்று இந்தோனேசிய உலமா சபை 2021-ல் தீர்ப்பளித்தது. பதிவு பெற்ற சந்தைகளில் வாங்கி விற்கலாம் என்று மலேசியப் பங்குப் பத்திர ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020-ல் சொன்னது. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். ஆனால், ஒருவர் காப்பதற்கென ஒப்படைத்த பொருள் அமானிதம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கிரிப்டோ காசு கையில் பிடிக்கும் பொருளன்று. அதற்கு ஓர் இரகசியச் சாவி உண்டு. சாவி யாரிடமோ, ஆட்சியும் அவரிடமே. காசை நிறுவனத்திடம் விட்டுவைத்தால் நம்மிடம் மிஞ்சுவது வெறும் கணக்குத்தான்.

எப்.டி.எக்ஸ். என்ற நிறுவனம் வாடிக்கையாளர்கள் நம்பி வைத்ததை எடுத்துத் தன் கூட்டு நிறுவனத்தின் வியாபாரத்தில் போட்டது. 2022 நவம்பரில் திவாலானது. 2024 மார்ச்சில் அதன் நிறுவனருக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. வாடிக்கையாளர்களுக்கு 2025 பிப்ரவரியில் பணம் வரத் தொடங்கியது. ஆனால் கணக்கிட்டது திவாலான நாளின் விலையில். அன்று ஒரு பிட்காயின் சுமார் 17,000 டாலர். பணம் வரத் தொடங்கிய நாளிலோ 90,000 டாலருக்கும் மேல்! காசை வைத்தவருக்குக் காசு திரும்பவில்லை. காக்கக் கொடுத்த பொருளை அனுமதியின்றிப் பயன்படுத்தினால், பயன்படுத்தியவரே அதற்குப் பொறுப்பாளி என்பது பிக்ஹுச் சட்டம்.

ஆகவே கேளுங்கள்: "என் காசு தனியாக இருக்கிறதா? நினைத்தபோது எடுக்கலாமா? தொலைந்தால் யார் பொறுப்பு?" இப்படிக் கேட்பது சந்தேகப் புத்தியன்று, உங்கள் ஹக்கு. நம் நாட்டு வங்கி வைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காப்புறுதி இதற்கு இல்லை.

"நீயும் போடு" என்று உறவினரைத் தூண்டும் இளைஞர்களே! ஆலோசனை சொல்பவரும் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும் என்பது நபிமொழியின் கருத்து. இலாபத்தைச் சொல்லும் வாய், நஷ்டத்தையும் சொல்ல வேண்டும். விதவையின் சேமிப்பையும் குமருக்குச் சேர்த்த நகைப் பணத்தையும் இதில் இழுத்து விடாதீர்கள்.

சாவியைத் தாமே வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு மவுத்து வந்தால் அந்தச் சாவியை யார் அறிவார்? மனைவி மக்களுக்கு அல்லாஹ் விதித்த பங்கு உங்களோடு கபுருக்குள் போய்விடலாமா? வசிய்யத்தில் எழுதி, நம்பகமானவரிடம் தெரிவித்து வையுங்கள்.

காசு புதிது; கேள்வி கணக்குப் பழையது. அமானிதம் பேணி, மஹ்ஷரில் தலைநிமிர்ந்து நிற்கும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.