குளத்துக்கு எரு

குளத்தில் சாணியைக் கரைத்துவிட்டு மீன் பிடிக்கிறவனைத் தர்மவான் என்று யாரும் சொல்வதில்லை. ஆட்டுக்குத் தழை போட்டு வளர்த்து அறுக்கிறவனோடு அவனையும் சேர்த்துவிடுகிறோம். பிடித்துத் தின்பதற்காகவே ஊட்டுகிறான் என்றால் அந்தக் கொடையில் என்ன புண்ணியம்? கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஏற்காட்டு ஏரியை வைத்து யோசித்தால் விஷயம் அத்தனை சுலபமாகத் தீர்ந்துவிடுவதில்லை.

சாணியை மீன் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியல்ல. எருவிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் கொண்டு கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி தண்ணீரில் பெருகுகிறது. அதைச் சின்னஞ்சிறு பூச்சிகள் மேய்கின்றன. கட்லா மேல்மட்டத்தில் அந்தப் பூச்சிகளை வடிகட்டிக் கொள்கிறது. ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலுமாகத் தங்கள் பங்கைத் தேடிக் கொள்கின்றன. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து ஆபர்ன் நகரில், 1930-களில் ஸ்விங்கிள் என்ற விஞ்ஞானி பண்ணைக் குட்டைகளில் ரசாயன உரம் போட்டு, மீன் பல மடங்கு பெருகுவதைக் காட்டினார். சீனத்துக் குடியானவனுக்கு அது எந்தக் காலத்திலோ தெரிந்த சங்கதி.

சேர்வராயன் மலை, பாக்ஸைட் தோண்டி எடுத்த மலை. அலுமினியமும் புளிப்பும் மிகுந்த சேறு, போட்ட மணிச்சத்தைத் தானே பிடித்து வைத்துக்கொண்டு பாசிக்குக் கொடுக்க மறுக்கும். ஆகவே இப்படிப்பட்ட இடத்தில் முதலில் சுண்ணாம்பு; பிறகுதான் எரு. அப்படிச் செய்தாலும், சுமார் 5,000 அடி உயரத்துக் குளிரில் கெண்டை இனம் சமவெளியைப் போல் மளமளவென்று வளராது.

இனி அளவு. குளத்துக்காரன் கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டுப் பார்க்கிறான். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி. முழங்கை நனையுமுன்பே மறைந்துவிட்டால் எருவை நிறுத்திவிடுகிறான். காரணம் உண்டு. பகலில் பிராணவாயுவை வாரி வழங்கும் அதே பாசி, இரவில் தானும் மூச்சு விடுகிறது. பாசி அளவு மீறிப் பெருகிவிட்டால், அதிலும் மேகம் மூடிய நாளுக்கு மறுநாள், விடியுமுன் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திணறும். சூரியன் வரத் தாமதமானால் வெள்ளை வயிறுகள்தாம் மிதக்கும்.

ஏற்காட்டு ஏரிக்கு வருவோம். அதில் மீன் பெருக வேண்டுமென்று யாரும் எருவைக் கொட்டவில்லை. ஆனால் அது பள்ளத்தில் கிடக்கிறது, சுற்றிலும் ஊர். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்த பிறகு, மேட்டிலெல்லாம் தோட்டங்கள். மழை பெய்தால் சரிவில் கிடப்பது ஏரிக்குத்தானே வரும்? தோட்டத்து உரத்தில் கொஞ்சம், வீதிக் கழிவில் கொஞ்சம். பாசிக்கு எல்லாம் ஒன்றுதான். கொடுத்தவர்களுக்குக் கொடுத்தோம் என்பதே தெரியாது. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆகவே யாரும் கையை விட்டுப் பார்ப்பதுமில்லை.

இந்த இருவரில் யார் மேல்? எண்ணத்தை வைத்தே பாவ புண்ணியத்தை அளந்து பழகியவர்கள் ஊரை மன்னித்துவிடுவார்கள். எனக்குக் குளத்துக்காரன் பக்கம்தான் மனம் சாய்கிறது. அவனுக்கு இருப்பது சுயநலம், நான் மறுக்கவில்லை. முடிவில் வலை வீசத்தான் போகிறான். ஆனால் அந்தச் சுயநலம் அவனை விடியுமுன் எழுப்பிக் கரைக்கு அனுப்புகிறது. மீன் திணறுகிற நேரம் அவனுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு சௌகரியம் அல்லவா?

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். கோயில் குளத்துப் படியில் நின்று புண்ணியத்துக்காகப் பொரி போடுகிறவர். மீன்கள் துள்ளி வருவதைக் குழந்தைக்குக் காட்டி மகிழ்கிறார். தின்னாமல் மிஞ்சிய பொரி ஊறி, அமிழ்ந்து, அழுகி, அதுவும் எருவாகிறது. பொட்டலம் காலியானதும் அவர் போய்விடுகிறார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.