அது என்ன தப்பு செஞ்சுச்சு?

மகாபாரதம் எங்கே ஆரம்பிக்குதுன்னு கேட்டால் நம்மில் பலர் சந்தனு, கங்கை, பீஷ்மர் என்று சொல்வோம். ஆனால் ஆதிபர்வத்தின் தொடக்கப் பகுதியில், பாண்டவர் கௌரவர் கதை வருவதற்கு முன்பே, ஒரு நாய்க்குட்டி அடிபடுகிறது. அர்ச்சுனனின் கொள்ளுப்பேரன் ஜனமேஜயன் தன் தம்பிமார் மூவரோடு குருக்ஷேத்திரத்தில் யாகம் செய்துகொண்டிருக்கிறான். தேவர்களின் நாயான சரமையின் குட்டி அந்தப் பக்கம் வருகிறது. தம்பிமார் அதை அடித்து விரட்டுகிறார்கள். குட்டி அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடுகிறது.

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? ‘நீ அங்கே ஏதோ தப்பு செஞ்சிருப்பே, அதான் அடிச்சிருப்பாங்க’ என்ற மாதிரிதான் முதலில் பேசுகிறாள். பெற்ற தாய்க்கே முதலில் அந்த எண்ணம்தான் வருகிறது! குட்டி சொல்கிறது: நான் ஒரு தப்பும் செய்யலை, யாகத்துக்கு வச்ச நெய்யை நக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அதைக் கேட்ட பிறகுதான் சரமை யாகசாலைக்கு நேரே போய், என் பிள்ளையை ஏன் அடிச்சீங்க என்று கேட்கிறாள். அங்கிருந்த ஒருவரும் பதில் சொல்லவில்லை. தப்பு செய்யாதவனை அடித்ததால், எதிர்பாராத பயம் உங்களைத் தேடி வரும் என்று சாபம் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

இந்தக் கதையைச் சின்ன வயதில் சமய வகுப்பில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. போன செமஸ்டர் விடுமுறையில்தான் தேடிப் படித்தேன். காரணம், எங்கள் வீட்டு டைகர்.

டைகருக்கு ஏழு வயது. கலப்பு இனம், பழுப்பு நிறம். பெயர்தான் டைகர், பல்லி ஓடினாலே நாற்காலிக்கு அடியில் போய்விடும். கிள்ளானில் எங்கள் தாமான் வீடு வரிசை வீடு. பின்னால் லோரோங், அதை ஒட்டி லோங்காங். ஒரு சனிக்கிழமை காலையில் டைகர் சாப்பிட வரவில்லை. கிட்டே போனால் ஒரு வாடை. கழுத்துக்குக் கீழே, இடது தோளுக்குச் சற்று மேலே, முடியை விலக்கிப் பார்த்தால் 50 காசு நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை. உள்ளே ஏதோ அசைந்தது. புழு.

நம்ம ஊர் வெயிலிலும் ஈரத்திலும் ஈக்குச் சின்ன காயம் கிடைத்தால் போதும். முட்டை போட்டால் ஒரு நாளுக்குள்ளேயே புழு வந்துவிடும். சில வகை ஈயின் புழு செத்த தசையை மட்டுமல்ல, உயிருள்ள தசையையே தின்னும். அதனால் ‘நேத்துதானே நல்லா ஓடிச்சு’ என்று யாராவது சொன்னால், அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. முடி அடர்த்தியான நாயிடம் முந்தாநாள் காயம் கண்ணுக்கே தெரியாது. வலியை மறைப்பதும் நாயின் குணம்.

கிளினிக் திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு காரணம் வந்துவிட்டது. பாட்டி, “போன ஜென்மத்துல என்ன பாவம் செஞ்சுச்சோ, வாயில்லா ஜீவன்” என்றார். போனில் அத்தை, “கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு” என்றார். அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை: பின்லோரோங் வீட்டுக்காரர்தான். டைகர் ராத்திரி குரைக்குதுன்னு இரண்டு முறை வந்து சத்தம் போட்டவர். “கம்பியால குத்தியிருக்கான், பாரு எப்படி வட்டமா இருக்கு.” தம்பி அதற்குள் படம் எடுத்து, தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட நாலு வரியும் எழுதிவிட்டான். அதில் அந்த வீட்டு எண்ணும் இருந்தது. அம்மாதான் போனை வாங்கி வைத்துக்கொண்டார். “முதல்ல டாக்டரைப் பார்ப்போம்.”

கிளினிக்கில் டாக்டர் முடியை மழித்து, புழுவை ஒவ்வொன்றாக எடுத்து, காயத்துக்குள் நீர் பீய்ச்சிக் கழுவினார். மேலே சின்ன ஓட்டை, தோலுக்கு அடியில் ஒரு பை மாதிரி பெரிய இடம். அப்பா தன் கேள்வியைக் கேட்டார்: “யாராச்சும் குத்தியிருப்பாங்களா டாக்டர்?” இருக்கலாம் என்றார். வேறு நாய் கடித்திருக்கலாம். நாய்ப்பல் சின்னதாகத்தான் நுழையும், உள்ளே கிழித்துவிடும். முள்ளோ ஆணியோ குத்தி, உள்ளே சீழ் கட்டி, அது உடைந்து இப்படி ஓட்டையாகியிருக்கலாம். தகர விளிம்பில் மாட்டியிருக்கலாம். புழு தின்றபிறகு முதல் காயத்தின் உருவமே மாறிவிடும், அதனால் வட்டமாக இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிறகு, “காரணம் எதுவா இருந்தாலும் இன்னைக்குச் செய்ய வேண்டியது ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

நான் பொறியியல் படிக்கிறேன். காரணம் கண்டுபிடிப்பது எங்களுக்குப் பாடமாகவே இருக்கிறது. ஒரு எந்திரம் நின்றுபோனால் ஏன், ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு வேர் வரை போக வேண்டும் என்று டொயோட்டா தொழிற்சாலையில் பிறந்த முறையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படிப் பழகிய எனக்கு அந்த டாக்டரின் பேச்சு முதலில் ஒரு தட்டிக்கழிப்பு போலத்தான் கேட்டது. ஆனால் கவனித்துப் பார்த்தால் அவரும் ‘ஏன்’ கேட்டார். தடுப்பூசி அட்டை இருக்கா, கடைசியாக எப்போது போட்டீங்க, வெளியே சுற்றுமா, வீட்டில் யாருக்காவது இது நக்கி, கடித்துக் காயம் இருக்கா? வெறிநோய் என்பது நம் நாட்டில் பழங்கதை அல்ல. 2017இல் சரவாக்கில் பரவ ஆரம்பித்து மனித உயிர்களைப் பறித்த நோய் அது. கடித்தது எதுவென்று தெரியாத காயம் என்றால் அந்தக் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

அப்பா கேட்டதும் ‘ஏன்’. டாக்டர் கேட்டதும் ‘ஏன்’. ஆனால் இரண்டும் ஒன்றா? டாக்டரின் கேள்வி டைகருக்காகவும் நமக்கு அடுத்து வரக்கூடிய ஆபத்துக்காகவும் கேட்கப்பட்டது. பதில் தெரியாவிட்டாலும் அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவார். எங்கள் வீட்டில் அந்த ஒரு மணி நேரத்தில் வந்த காரணங்கள் யாருக்காக வந்தன? நாங்கள் பார்த்ததைத் தாங்க முடியவில்லை. காரணம் என்று ஒன்று கிடைத்தால் மனசு கொஞ்சம் உட்காரும். அதற்காகத்தான் வந்தன என்று நினைக்கிறேன். அதில் தப்பில்லை, மனித இயல்பு. ஆனால் அந்த ஆறுதலுக்கான விலையை யாரோ ஒருவர் கொடுக்க வேண்டியிருக்கிறது: பாட்டி சொன்ன காரணத்தில் டைகர், அப்பா சொன்ன காரணத்தில் பின்வீட்டுக்காரர்.

கர்மாவைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் பேச வேண்டும். நம்மில் சிலர் இதைத் தொடவே பயப்படுகிறோம், சிலர் எல்லாவற்றுக்கும் பசை மாதிரி தடவுகிறோம். விலங்குப் பிறவி என்பது பழைய வினையை அனுபவித்துத் தீர்க்கும் பிறவி என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அது எந்த வினை, எவ்வளவு, இந்தக் காயம் அந்தக் கணக்கில் வருமா என்று பாட்டிக்கோ எனக்கோ எப்படித் தெரியும்? கணக்குப் புத்தகம் நம்மிடம் இல்லை.

மகாபாரதத்திலேயே மாண்டவ்யர் கதை இருக்கிறது. மௌன விரதத்தில் இருந்த ரிஷி. திருடர்கள் பொருளை அவர் ஆசிரமத்தில் ஒளித்தார்கள். காவலர் வந்து கேட்டபோது அவர் பேசவில்லை. பொருள் அங்கே கிடைத்ததால் அவரையும் சேர்த்துக் கழுவில் ஏற்றினார்கள். பிறகு அவர் தர்மதேவதையிடம் போய், நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்டார். சின்ன வயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தினாய் என்று பதில் வந்தது. ரிஷி தலையை ஆட்டிவிட்டு வந்துவிடவில்லை. அறியாத வயதில் செய்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று தர்மதேவதைக்கே சாபம் கொடுத்தார். அந்தத் தர்மன்தான் விதுரராகப் பிறந்தார் என்கிறது கதை. கர்மக் கணக்கு எழுதுகிறவரையே நிறுத்தி ‘இது நியாயமா’ என்று கேட்க நம் இதிகாசம் இடம் கொடுக்கிறது. அப்படியிருக்க, அடிபட்ட ஜீவனைப் பார்த்து ‘பாவம் செஞ்சிருக்கும்’ என்று நாம் ஏன் அவ்வளவு சீக்கிரம் கேஸை மூடுகிறோம்? இதே வாக்கியத்தை உடம்பு முடியாத குழந்தைகளைப் பார்த்தும் நம்ம சமுதாயத்தில் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே கோபம் வரும்.

ஆனாலும் பாட்டிக்கு நியாயம் செய்ய வேண்டும். கர்மா என்று சொன்ன அதே பாட்டிதான் அடுத்த மூன்று வாரமும் டைகருக்குக் கஞ்சி கரைத்து ஊட்டினார். தையல் போடாமல் காயத்தைத் திறந்தே விட்டிருந்தார்கள். மேலே முதலில் மூடிக்கொண்டால் சீழ் உள்ளே தங்கிவிடும், அடியிலிருந்து சதை வளர்ந்து வர வேண்டும் என்றார் டாக்டர். அதனால் மஞ்சள் பற்றுப் போட்டு ஓட்டையை அடைக்கக் கூடாது, மனிதருக்கான பானடோல் கொடுக்கவே கூடாது. 1 லிட்டர் கொதித்து ஆறிய நீருக்கு 9 கிராம் உப்பு, காலையும் மாலையும் கழுவ வேண்டும். மஞ்சளை விட பாட்டிக்கு மனசில்லைதான், ஆனால் விட்டார். கழுவும்போது டைகரின் தலையைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வதும் அவர்தான். வினை என்று நம்பியும் கை சும்மா இருக்கவில்லை. நம்பாத சில பேர் கை கட்டி நிற்பதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே நம்பிக்கையில் மட்டும் பிரச்சினை இல்லை போலிருக்கிறது.

கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்போடு டைகர் எல்லாப் பூச்சட்டியிலும் மோதியது. ஒன்பதாம் நாள் காயத்தின் அடியில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது. 24ஆம் நாள் மூடிவிட்டது. அந்த இடத்தில் முடி மட்டும் இன்னும் வெள்ளையாகத்தான் முளைக்கிறது.

பின்வீட்டுக்காரர் விஷயம் இதைவிடக் கஷ்டம். ஏனென்றால் அப்பா நினைத்ததே உண்மையாகவும் இருக்கலாம். ‘ஆதாரம் இல்லை, பேசாமல் இருப்போம்’ என்று ஒவ்வொரு வீடும் சொன்னால், நாயைக் குத்துகிறவன் அடுத்த நாயையும் குத்துவான். நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது, 772ஆவது சட்டம். விலங்கைக் கொடுமை செய்தது நிரூபணமானால் 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. சின்ன விஷயமில்லை. அவ்வளவு பெரிய தண்டனை உள்ள குற்றத்தை, இரண்டு முறை சத்தம் போட்டார் என்பதற்காக ஒருவர் தலையில் வாட்ஸ்அப்பில் கட்டுவதும் சின்ன விஷயமில்லை. பொருள் கிடைத்த இடத்தை வைத்துத்தான் மாண்டவ்யரையும் கழுவில் ஏற்றினார்கள்.

வீட்டில் இதைப் பற்றிச் சண்டையே நடந்தது. “நீ அவனுக்கா சப்போர்ட்டு?” என்று அப்பா என்னைக் கேட்டார். இல்லைப்பா, டைகருக்குத்தான் என்றேன். குற்றம் செய்தவர் அவர் இல்லையென்றால், அவரைத் திட்டிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கும்போது உண்மையான காரணம் அப்படியே பின்கட்டில் இருக்குமே?

2018 ஜூலையில் வெளியான எம்எச்370 புலனாய்வு அறிக்கையை வகுப்பில் ஒரு விரிவுரையாளர் பேசியது அப்போது ஞாபகம் வந்தது. 239 பேரை இழந்த துயரத்தை நாயின் காயத்தோடு வைத்துப் பேசவில்லை. அவ்வளவு ஆய்வுக்குப் பிறகும், காணாமல் போனதற்கான உண்மைக் காரணத்தைத் தங்களால் தீர்மானிக்க முடியவில்லை என்று அந்தக் குழு எழுதியது. அதே அறிக்கையில், இனி என்னென்ன சரிசெய்ய வேண்டும் என்ற பாதுகாப்புப் பரிந்துரைகளும் இருந்தன. ‘தெரியாது’ என்று எழுதியவர்கள் வேலையை அங்கேயே நிறுத்திவிடவில்லை.

நாங்களும் எங்களால் முடிந்ததைச் செய்தோம். தேதியோடு படங்கள், டாக்டரின் குறிப்பு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்தோம்; மறுபடியும் இப்படி நடந்தால் கால்நடைச் சேவைத் துறையிடம் கொடுக்க. பின்கட்டில் துருப்பிடித்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த தகரத்தைத் தம்பி மடக்கி அடித்தான். கேட்டுக்கு அடியில் வேறு நாய் தலையை நுழைக்கிற இடைவெளிக்குக் கம்பி வலை வந்தது. ராத்திரியில் டைகர் இப்போது வீட்டுக்குள்தான், அதனால் குரைப்பும் குறைந்தது.

அம்மாவும் நானும் பின்லோரோங்கில் ஐந்தாறு வீட்டுக்குப் போய்க் கேட்டோம். யார் செஞ்சீங்க என்று இல்லை. எங்க நாய்க்குக் காயம், ஏதாச்சும் பார்த்தீங்களா என்று. பின்வீட்டுக்காரர் கேட்டைத் திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தார். பிறகு தன் கேமராப் பதிவைப் போனில் காட்டினார். அது அவர் கார் நிற்கும் முன்பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. “புழு வந்துச்சா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் முகத்தைச் சுளித்து, “பாவம்” என்றார். அது நடிப்பா இல்லையா என்று அன்று ராத்திரி அப்பாவும் தம்பியும் அரை மணி நேரம் விவாதித்தார்கள்.

போன வாரம் போனில் பேசும்போது அப்பாவிடம் கேட்டேன், இன்னும் அவர்தான்னு நினைக்கிறீங்களா? கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் டைகர் எதையோ பார்த்துக் குரைப்பது கேட்டது. “தெரியலம்மா” என்றார். கேட்டைப் பூட்ட வேண்டும் என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.