உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?



இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊரில், ஒரு வீட்டின் பின்புறத்துக் கொட்டகையை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை இரவு. பிள்ளைகள் தூங்கப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு, 1961-ஆம் வருடத்து பி.எஸ்.ஏ. பான்டம் மோட்டார் சைக்கிள் ஒன்றின்முன் குந்தியிருக்கிறார். எங்கோ துருப்பிடித்துக் கிடந்த வண்டி. அதை வாங்கிவந்து, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, துருவைச் சுரண்டி, அசையாத போல்ட்டுகளை நாட்கணக்கில் எண்ணெயில் ஊறவைத்து, இப்பொழுது மறுபடியும் பூட்டிக்கொண்டிருக்கிறார். மேசைமேல் இரண்டு என்ஜின்கள் இருக்கின்றன. ஒன்று வண்டியோடு வந்தது. அதற்கு மூன்று கியர். மற்றொன்று 1968-இல் வெளிவந்த பான்டமுடையது. அதற்கு நான்கு கியர். வெளிப்பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். விஷயம் தெரிந்தவர் குனிந்து பார்த்தாலொழிய வித்தியாசம் புலப்படாது. எதைப் பூட்டுவது?

இது மெக்கானிக்கின் கேள்விதானே, இதில் மனச்சாட்சிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

அந்த வண்டி ‘ட்ரயல்ஸ்’ என்னும் போட்டிக்காகத் தயாராகிறது. அது வேகப் பந்தயம் அன்று. பாறை, ஓடை, சேறு, மரவேர், செங்குத்தான மேடு இவற்றினூடே, குறித்த வழியில், காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்டிச் செல்ல வேண்டும். ஒரு தடவை ஊன்றினால் ஒரு புள்ளி தண்டம், நின்றேபோனால் ஐந்து. தண்டம் யாருக்குக் குறைவோ அவருக்கே வெற்றி. இவ்வகையில் பேர்பெற்ற ஸ்காட்லாந்து ஆறு நாள் போட்டி, 1909-இல் ஐந்து நாள் போட்டியாகத் தொடங்கியது. நெடுங்காலம் இதில் ஆட்சி செலுத்தியவை பிரிட்டிஷ் வண்டிகள். 1965-ஐ ஒட்டி ஸ்பெயின் நாட்டு புல்டாகோ ஷெர்பா வந்தது. சுமார் 90 கிலோ எடைதான். கனத்த பழைய வண்டிகள் ஒவ்வொன்றாகக் கொட்டகைக்குள் ஒதுங்கின. பிற்காலத்தில் அவற்றை மறக்க மனமில்லாதவர்கள், 1965-க்கு முற்பட்ட வண்டிகளுக்கென்றே தனிப் போட்டிகள் வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் கின்லாக்லெவன் என்னும் சிற்றூரில் 1984-இல் தொடங்கிய போட்டி அவற்றுள் பிரசித்தமானது.

இப்பொழுது கொட்டகைக்குத் திரும்புவோம். 1968-ஆம் வருடத்து என்ஜினைப் பூட்டிக்கொண்டு, ‘என் வண்டி 1961’ என்று அவர் அந்தப் போட்டியில் நிற்கலாமா?

மாற்றம் என்பதே பொய், கம்பெனியிலிருந்து வெளிவந்த நாளில் இருந்தபடியே வைப்பதுதான் நேர்மை என்று சொல்லும் ஒரு கட்சி உண்டு. கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் அது சரியன்று என்பது என் எண்ணம். ஏனென்றால் அக்காலத்து ஓட்டிகளே அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

பெல்ஃபாஸ்டில் பிறந்த சாமி மில்லர் என்பவரின் கதையைப் பாருங்கள். அவர் ஓட்டியது 500 சி.சி. ஆரியல்; ஜி.ஓ.வி. 132 என்னும் அதன் பதிவு எண்ணை இன்றும் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். கம்பெனி கட்டியபோது அது பெரிய, கனத்த வண்டி. அவர் வருடம் வருடமாகக் கனத்த பாகத்தை எடுத்துவிட்டு இலேசானதை வைத்தார். ஃபைபர் கிளாசைக்கூட விட்டுவைக்கவில்லை. 1959 முதல் 1969 வரை, ஒரு வருடமும் விடாமல் 11 தடவை பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் அவருக்கே. முற்பாதி இந்த ஆரியலில்; பிற்பாதி, தாமே முன்னின்று உருவாக்கிய புல்டாகோவில்.

நம் தெருக்களில் ஓடும் புல்லட்டின் முன்னோர் கதையும் இதுவே. 1948-இல் கோல்மோர் போட்டிக்கு, பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த வண்டிகளை ராயல் என்ஃபீல்டு கம்பெனி அனுப்பியபொழுது, பின்சக்கரம் ஆடாத வண்டியே பாறைக்கு ஏற்றது என்று நம்பியிருந்தவர்கள் அநேகர். அந்தப் புது வழியில் வந்த புல்லட்டில்தான் ஜானி பிரிட்டன் 1952-இலும் 1957-இலும் ஆறு நாள் போட்டியை வென்றார். நம் கொட்டகைக்காரரின் பான்டமோ பிறப்பிலேயே பிரதி. ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி. 125 வண்டியின் வரைபடங்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் நஷ்ட ஈடாகப் பிரிட்டனுக்கு வந்தன. அவற்றைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாற்றி 1948-இல் வெளியிட்ட வண்டியே பான்டம். ஆனால் அதன் டாங்கியில் டி.கே.டபிள்யூ. என்று எழுதி ஜெர்மன் வண்டியென்று யாரும் விற்கவில்லை.

ஆகவே, வாசகரே, பிரதி எடுப்பதில் குற்றமில்லை, திருத்துவதிலும் குற்றமில்லை. மில்லர் செய்ததை ஊரே பார்த்தது; அவர் அதை வேறொன்றாகச் சொல்லவில்லை. ஒரு பொருளைச் செய்துவிட்டு அதற்கு வேறு பெயர் சூட்டும்பொழுதே கோணல் நுழைகிறது. சங்கத்தின் விதி நான்கு கியரை அனுமதித்தால் தாராளமாகப் பூட்டட்டும். சங்கத்துக்குச் சங்கம் விதி வேறுபடும். அதில் நமக்குச் சண்டையில்லை. விதி அனுமதிக்காதபொழுது, ‘உள்ளே இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டால், அந்தக் கேள்வியே அவருடைய பதிலைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

சோதித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பாகம் நன்றாக உழைப்பதற்காக எவ்வளவு வேலை செய்தோம், அது புதிது என்று பிறர் அறியாதிருப்பதற்காக எவ்வளவு வேலை செய்தோம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கால்மிதியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பற்றவைப்பது, பின்புறத்துப் பற்சக்கரத்தைப் பெரிதாக்குவது, உயிரற்றுப்போன பழைய இக்னிஷனுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைப்பது எல்லாம் முதல் வகை. பேரிங் இறக்குவதற்காக என்ஜின் கூட்டைச் சமையலறை அடுப்பில் வைத்துச் சூடாக்குவதும் முதல் வகைதான். (அதற்கு வீட்டம்மாவின் அனுமதி கிடைத்ததா என்பது வேறொரு தர்மக் கேள்வி.) ஆனால் என்ஜினில் பொறித்த எண்ணை அரத்தால் அராவி எடுத்துவிட்டு வேறு எண் அடிப்பதும், புத்தம் புதிய ஃபிரேமுக்குப் பழுப்பேற்றிப் பழையதாக்குவதும் வண்டி ஓடுவதற்கு ஓர் அணுவளவும் உதவா. அவை மனிதரை ஏமாற்றுவதற்கு மட்டுமே உதவும்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அதை நம்பிப் பணம் கொடுப்பவருக்கு நஷ்டம். அது யாருக்கும் தெரியும். அதே போட்டியில் மெய்யாகவே மூன்று கியரோடு நின்று, மேட்டில் திணறி, ஐந்து புள்ளி தண்டம் வாங்கித் தலைகுனிந்து போகிற மனிதருக்கு நஷ்டம். தாம் ஏன் தோற்றோம் என்பதுகூட அவருக்குத் தெரியாது. இவ்விருவரையும்விட என் மனத்தை உறுத்துவது மூன்றாவது ஒரு கூட்டம். அக்காலத்தில் அந்தப் பாறைகளில் ஏறியவர்கள். கனத்த இரும்பு, ஆடாத பின்சக்கரம், குளிரில் விறைத்த கைகள், மூன்றே கியர். இவற்றோடு அவர்கள் ஏறினார்கள். கொட்டகைகளில் மிச்சமிருக்கும் வண்டிகளெல்லாம் உள்ளுக்குள் புதிதாகிவிட்டால், நாளைக்கு ஒரு பையன் அதில் ஏறிச் சுலபமாய் மேட்டைத் தாண்டிவிட்டு, ‘தாத்தா காலத்தில் இவ்வளவுதானா?’ என்று கேட்பான். அந்தப் பாட்டனார் பட்ட பிரயாசைக்குச் சாட்சியாக எஞ்சியிருந்தது அந்த வண்டி ஒன்றுதான். அதையும் வாய்மாற்றிப் பேசவைத்துவிட்டோம்.

‘எல்லாரும் செய்கிறார்கள், நான் ஒருவன் செய்யாவிட்டால் கடைசியில் நிற்பேன்’ என்பார்கள். வாஸ்தவம். கடைசியில் நிற்க நேரிடலாம். அதற்கு நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை. கடைசியில் நிற்பது கசப்புதான். இன்னும் சிலர் சாதுரியமாகக் கேட்பார்கள்: ‘சக்கரம் போயிற்று, ஃபோர்க் போயிற்று, பிஸ்டன் போயிற்று, ஃபிரேமின் பாதியும் துருவில் போயிற்று. ஒன்றொன்றாக மாற்றியபின் இது எந்த வண்டி? எதுவரை 1961?’ இது பழைய தத்துவப் புதிர். பள்ளிப் பிள்ளைகளும் இதை வைத்து வாதாடலாம். எத்தனை பாகம் மாறினால் வண்டி வேறாகும் என்று என்னால் கோடு கிழித்துக் காட்ட முடியாது. ஆனால் எந்தெந்தப் பாகம் மாறியது என்பது அதைக் கையால் மாற்றியவருக்குத் தெரியும். அவரிடம் கேட்கப்படுவது அவ்வளவே.

ஆகையால் அந்தக் கொட்டகைக்காரரிடம் நான் ஒன்று சொல்லுவேன். பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து ஆணியில் மாட்டிவையுங்கள். கை எண்ணெயாயிருந்தாலும் பரவாயில்லை, அன்றன்று எழுதுங்கள்: இன்ன தேதியில் இன்ன பாகம் எடுத்தேன், இன்னது வைத்தேன், இது பழையது, இது நான் கடைந்தது. கழற்றிய மூன்று கியர் என்ஜினை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். போட்டியில் பெயர் கொடுக்கும்பொழுது நோட்டையும் கொண்டுபோங்கள். வண்டியை விற்கும் நாளில் சாவியோடும் காகிதங்களோடும் அதையும் கொடுங்கள். விலை சற்றுக் குறையும். வாங்குகிறவர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, பரணில் இருக்கும் பழைய என்ஜினையும் சேர்த்துத் தருவீர்களா என்று கேட்டால், கொடுத்துவிடுங்கள்.