வெட்டிய மரமும் விட்ட வேரும்

வீட்டு முற்றத்தில் அழகுக்காக ஒருவர் சைப்ரஸ் கன்று நடுகிறார். முழங்கால் உயரத்தில் வைத்த மரம் சில ஆண்டுகளில் கூரையைத் தாண்டி, அடுத்த வீட்டுச் சன்னலையும் மறைக்கிறது. ஆள் வைத்து வெட்டுகிறார். வேரைத் தோண்டக் கூலி அதிகமென்று அடிக்கட்டையைத் தரையோடு அறுத்து, மண் பரப்பி, மேலே சிமெண்டும் பூசிவிடுகிறார். பிறகு வீட்டை விற்கிறார். அவருடைய பொறுப்பு தீர்ந்ததா?

"மரம் நடுவது தர்மம் என்று மார்க்கம் சொல்ல, வெட்டுவதே தவறல்லவா?" என்று சிலர் கேட்கலாம். நட்ட மரத்தின் கனியைப் பறவை தின்றாலும் நட்டவருக்கு நன்மை உண்டென்பது உண்மையே. ஆனால் அதே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் பேரீத்த மரத்தைக் காரணமாக வைத்து அடுத்தவருக்குத் தொல்லை தந்த ஒருவரிடம், அதை விற்கச் சொன்னார்கள், மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், அன்பளிப்பாகக் கொடுக்கவும் சொன்னார்கள். எதற்கும் அவர் இணங்காதபோது, தோட்டக்காரரை அழைத்து மரத்தைப் பிடுங்கிவிடப் பணித்தார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். ஆகவே பிறருக்குத் தீங்கு தரும் மரத்தை எடுப்பதில் குற்றமில்லை. சிங்கப்பூரில் 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரமானால், மரப் பாதுகாப்புப் பகுதியிலும் வெற்று நிலத்திலும் முன்அனுமதி வேண்டும். அது அரசுக்குரிய ஹக்கு.

இனி வேரின் சங்கதி. சைப்ரஸின் அடிக்கட்டை பெரும்பாலும் மீண்டும் துளிர்க்காது. தொல்லை அது செத்துக் கிடப்பதில்தான் இருக்கிறது. ஈர மண்ணில் கட்டை மக்கும், கறையான் குடியேறும், மக்கிய இடம் குழிந்து மேல்தளம் வெடிக்கும். அப்போது அந்த வீட்டில் இருப்பவர் ஒன்றுமறியாத வேறொருவர்!

சந்தையில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது அடியில் ஈரம் தட்டியது. மழையில் நனைந்ததென்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்ற கருத்தைச் சொன்னார்கள். நனைந்தது அவர் குற்றமல்ல; மறைத்ததுதான் குற்றம். சிமெண்டுக்குக் கீழே கிடக்கும் கட்டையும் அத்தகைய ஈரமே.

நாம் நாள்தோறும் கடந்து செல்லும் டோபி காட்டையே பாருங்கள். சலவைத் தொழிலாளர் துணி துவைத்த நீரோடை கால்வாயாகி, மூடப்பட்டு, கண்ணுக்கு மறைந்தது. 2010 ஜூன் 16-ல் ஆர்ச்சர்டு சாலை வெள்ளத்தில் மூழ்கியபோது, அந்த ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் எல்லார் வாயிலும் அடிபட்டது. மண்ணுக்கடியில் போனது இல்லாமற் போய்விடுவதில்லை.

வேர் எடுக்கத் தெரிந்தவர்கள் மரத்தை உடனே தரைமட்டமாக அறுப்பதில்லை. நெஞ்சளவு விட்டு வைத்து, சுற்றிலும் பள்ளம் தோண்டி, பக்கவேர்களைக் கோடரியால் வெட்டி, நின்ற தண்டையே நெம்புகோலாக்கி அசைத்துச் சாய்ப்பார்கள். தரையோடு அறுத்துவிட்டால் பிடிமானம் போய்விடும், வேலை இரட்டிப்பாகும்.

கூட்டு வியாபாரம் கலையும்போதும் இதுவே நிலை. மனக்கசப்பைத் தவிர்க்கிறோம் என்று, பேரேடு பாராமல் கைகுலுக்கிப் பிரிந்துவிடுகிறோம். பங்காளிகள் உயிரோடும் சாட்சிகள் நினைவோடும் இருக்கும் காலமே பிடிமானம் உள்ள காலம். அது கடந்தால், பாட்டன்மார் விட்ட வேரைப் பேரன்மார் வழக்குமன்றத்தில் தோண்டுவார்கள். கடனை எழுதி வைக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கட்டளையிடுவதும் இதற்காகவே அன்றோ?

எனவே சகோதரர்களே, நட்டவர் தோண்டட்டும். தோண்ட இயலாவிட்டால், வாங்குபவரிடம் இடத்தைக் காட்டி, விலையைக் குறைத்துக் கொடுக்கட்டும். கூலியை மிச்சம் பிடித்தவர் அந்தச் சுமையை அடுத்தவர் தலையில் இறக்கி வைக்கலாகாது.