ஊக்கச் சொல்லும் உண்மைச் சொல்லும்

கணிப்பொறியில் அசைவூட்டப் படம் செய்து பழகும் அன்பர் ஒருவர், நொடிக்கு 24 சட்டகம் வீதம் பத்து நொடிப் படமொன்றை, தம் ஓய்வு நேரத்தையெல்லாம் செலவிட்டு முடித்து, நம்முன் வைக்கிறார். அதில் நடக்கும் உருவத்தின் பாதம் தரையில் வழுக்குகிறது. ‘அருமை’ என்று சொல்லி நகர்வது அன்பாகுமா? ஆகாது என்பேன், அது பார்க்காமலே தரும் பரிசு. குறையை மட்டும் கூறுவதும் பாதிப் பார்வையே. உடலின் எடை இடுப்பில் இறங்குவது நன்கு அமைந்திருப்பின் அதனை முதலில் சுட்டிப் பாராட்டலாம். பின்னர், ஊன்றிய கால் எந்தச் சட்டகத்தில் நழுவுகிறது என்று காட்டலாம். இதற்கு அப்படத்தை நான்கு முறையேனும் பார்த்தாக வேண்டும். (நம்மில் பலருக்குச் சோம்பல் அங்கேதான்!)

இவர் கலைஞராவாரா என்று கணக்கிட்ட பின்னரே ஊக்கம் தருவோரும் உளர். 2002-இல் ‘பிளெண்டர்’ மென்பொருளின் மூலநிரலை விடுவிக்க ஆர்வலர்கள் 1,00,000 யூரோ திரட்டினர். அதனைக் கொண்டு லாட்விய இயக்குநர் ஒருவர் உருவாக்கிய ‘ஃப்ளோ’ 2025-இல் ஆஸ்கர் விருது பெற்றது. அன்று பணம் தந்தவர் எவரும் அவ்விருதை எண்ணித் தந்திருக்க முடியாது.